அவரைக் கொடியில் ஓர் ஆண்டு: கேடயப் பூச்சியைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

அவரைக்காய் பறித்த கையில் சில நாள் ஒரு வாடை வரும். கொத்தமல்லித் தழையை அளவுக்கு மேல் கசக்கி, அதில் சிக்குப் பிடித்த எண்ணெயைக் கலந்தது போல இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் மதியச் சாப்பாடு வரை விரலை விட்டுப் போகாது. கொடைக்கானலுக்குக் கீழே, தாண்டிக்குடிப் பக்கம் அதை நாத்தப்பூச்சி வாடை என்பார்கள். காய்க்கு நடுவே ஒளிந்திருந்த கேடயப் பூச்சியை நம் விரல் அழுத்திவிட்டது; தன்னைக் காத்துக்கொள்ள அது விட்ட திரவத்தின் வாடை அது. வாடை எல்லாருக்கும் தெரியும். பூச்சியை நின்று பார்த்தவர்கள் குறைவு.

நான் நின்று பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தேன். மலைப்பாதையில் ஒன்று, காபித் தோட்டத்தில் ஒன்று, பேருந்து நிறுத்தச் சுவரில் ஒன்று என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்தது. பாதிக்கு மேல் என்ன இனம் என்றே சொல்ல முடியவில்லை. இரண்டாம் வருடம் வேறு மாதிரி செய்தேன். ஓர் அவரைக் கொடி, ஒரு முள்முருங்கை, வேலியோரம் ஒரு சுண்டைக்காய்ச் செடி. இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை தவறாமல் போய்ப் பார்த்தேன். அந்த வருடம்தான் ஏதோ புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான்: பூச்சியைத் தேடி அலைய வேண்டாம், ஒரு செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எது கேடயப் பூச்சி?

வேளாண் துண்டறிக்கைகளில் நாவாய்ப்பூச்சி என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிய கூட்டத்தின் பெயர். நெல்லில் பால் பிடிக்கும் நேரத்தில் வரும் கதிர் நாவாய்ப்பூச்சி, பருத்திக் காயை மொய்க்கும் சிவப்புப் பூச்சி எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கூட்டத்துக்குள், முதுகில் ஒரு கேடயத்தைச் சுமக்கும் கிளைதான் கேடயப் பூச்சிகள்.

மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் தோள்பட்டை போல அகன்ற ஒரு தகடு. அதற்கும் பின்னால், இரண்டு இறக்கைகளுக்கு நடுவே, கூர்முனை வால் பக்கம் பார்த்தபடி ஒரு முக்கோணம். அதுதான் கேடயம். இறக்கையையும் கவனியுங்கள்: மேல்பாதி தோல் போலத் தடிப்பாக இருக்கும், நுனிப் பாதி வெங்காயச் சருகு போல மெல்லியதாக இருக்கும். இந்தப் பெரிய வரிசைக்கு அறிவியலில் வைத்திருக்கும் ஹெமிப்டெரா என்ற பெயருக்கே ‘அரை இறக்கை’ என்றுதான் பொருள். கேடயப் பூச்சிகளில் மிகப் பெரிய குடும்பத்துக்குப் பென்டடோமிடே என்று பெயர். பென்டா என்றால் ஐந்து. வளர்ந்த பூச்சியின் உணர்கொம்பு ஐந்து கணுவாக வெட்டுப்பட்டது போல இருப்பதால் வந்த பெயர். படத்தைப் பெரிதாக்கிக் கணுவை எண்ணிப் பாருங்கள். ஐந்தும் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் குவியம் சரியாக விழுந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிறுவயதில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உலோகப் பச்சையும் நீலமுமாக மின்னி, கறுப்புப் புள்ளிகளோடு செடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பூச்சியைப் பார்த்ததும் பொன்வண்டு என்றே தோன்றும். மலையடிவாரத்தில் காட்டாமணக்கில் இப்படிப்பட்டவை கூட்டமாகவே இருக்கும். அவை பெரும்பாலும் வண்டு அல்ல, கேடயப் பூச்சியின் நெருங்கிய உறவான மணிப் பூச்சிகள். கிரைசோகோரிஸ், ஸ்குட்டெல்லெரா போன்ற பேரினங்கள் இதில் வரும். இவற்றுக்குக் கேடயம் முக்கோணத்தோடு நிற்காமல் வளர்ந்து, வயிறு முழுவதையும் மூடிவிடும். வேறுபடுத்த ஒரே ஒரு சோதனை போதும். பொன்வண்டின் முதுகில், இரண்டு இறக்கை மூடிகளும் சந்திக்கும் இடத்தில், நடுவே நேராக ஒரு கோடு ஓடும். மணிப் பூச்சியின் முதுகில் கோடே இருக்காது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரே துண்டு.

அடுத்தது வாய். வண்டுக்குத் தாடை உண்டு, கடித்து மெல்லும். கேடயப் பூச்சியால் கடிக்க முடியாது. ஊசி போன்ற குழல் ஒன்றைத் தலைக்கு அடியில் மடித்து, கால்களுக்கு நடுவே படுக்க வைத்திருக்கும். வேண்டும்போது அதை நிமிர்த்திச் செடிக்குள் இறக்கி உறிஞ்சும். இந்தக் குழலைப் படம் எடுக்கத் தெரிந்துகொள்வது முக்கியம். செடிச்சாறு உறிஞ்சும் இனங்களுக்குக் குழல் மெலிந்து, தலையின் அடிப்புறத்தோடு ஒட்டியிருக்கும். புழுவைக் குத்தி உறிஞ்சும் இனங்களுக்கு அது தடித்து, முன்னால் வீசி நீட்ட வசதியாக விலகி நிற்கும். ஈயோகாந்தெகோனா என்ற பழுப்பு நிறப் பூச்சி இந்த இரண்டாவது வகை. தோளில் இரண்டு பக்கமும் முள் துருத்திக்கொண்டிருக்கும். தன்னைவிடப் பல மடங்கு நீளமான கம்பளிப்புழுவைக் குழல் நுனியில் தூக்கிப் பிடித்தபடி அது நிற்பதைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பயிரில் புழுவைக் குறைத்துக் கொடுக்கும் பூச்சி அது. முதுகை மட்டும் பார்த்து ‘நாத்தப்பூச்சி’ என்று நசுக்கிவிடுகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஐந்து சட்டை

பட்டாம்பூச்சிக்கும் வண்டுக்கும் புழுப் பருவம், கூட்டுப்புழுப் பருவம் என்று உண்டு. கேடயப் பூச்சிக்குக் கூடு கிடையாது. முட்டையிலிருந்து வரும்போதே ஆறு கால், குழல், உணர்கொம்பு எல்லாவற்றோடும் வரும். இறக்கை மட்டும் இருக்காது. பாம்பு சட்டை உரிப்பது போல ஐந்து முறை சட்டை உரித்து, ஐந்தாவது முறை இறக்கையோடு வெளியே வரும். உரித்தபின் கொஞ்ச நேரம் உடம்பு வெளிறி மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் நிறம் ஏறி இறுகிவிடும். அந்த நேரத்தில் அதைத் தொடவே கூடாது.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு சட்டையும் வேறு நிறம். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பச்சைக் கேடயப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். நெசாரா விரிடுலா என்று பெயர்; 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. தக்காளி, பீன்ஸ், மணத்தக்காளி எதிலும் வரும். முட்டையிலிருந்து வந்ததும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அடுத்த சட்டையில் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளோடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறி, ஐந்தாவது பருவத்தில் பச்சை முதுகில் வெள்ளைப் புள்ளியும் ஓரத்தில் இளஞ்சிவப்புத் திட்டுமாக, கோலப்பொடி தூவினது போல இருக்கும். கடைசியில் வெறும் பச்சை. ஐந்தையும் தனித்தனி இடத்தில் பார்த்தால் ஐந்து இனம் என்று எண்ணுவீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. என் முதல் வருடப் படங்களில் மூன்று வெவ்வேறு தலைப்பில் வைத்திருந்தவை எல்லாம் இந்த ஒரே பூச்சி. ஒரே சுண்டைக்காய்ச் செடியை வாரா வாரம் பார்த்தபோது, சென்ற வாரம் கறுப்பாக இருந்த கூட்டம் இந்த வாரம் பச்சையாகி, பக்கத்தில் உரித்த சட்டை தொங்குவதைக் கண்டேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

குஞ்சா, வளர்ந்ததா என்று சொல்ல எளிய வழி: முதுகில் முழு இறக்கை இல்லையென்றால் குஞ்சு. நான்காவது, ஐந்தாவது பருவத்தில் இறக்கை வரப்போகும் இடத்தில் சின்ன மடல் மட்டும் தெரியும். குஞ்சின் வயிற்று முதுகில் நடுவே வரிசையாகக் கரும்புள்ளி போலச் சில தகடுகள் இருக்கும். அங்கேதான் அதன் நாற்றச் சுரப்பி திறக்கிறது. வளர்ந்த பூச்சிக்கு அந்த இடத்தை இறக்கை மூடிவிடுவதால், சுரப்பி மார்பின் அடிப்பக்கம் காலோரமாகத் திறக்கும். கொத்தமல்லித் தழையில் இருக்கும் ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்கள் இந்தத் திரவத்திலும் உண்டு. அதனால்தான் வாடை ஒத்துப்போகிறது. கிரேக்கர்கள் கொத்தமல்லிக்கு வைத்த பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் ‘கோரிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

ஆடியிலிருந்து தையில் முடியும் கதை

எங்கள் கீழ்மலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெரிதாகக் கொட்டாது. ஆடியில் காற்றுதான். பட்டிவீரன்பட்டியிலிருந்து மேலே ஏறி வரும்போதே தெரியும்; சில்வர் ஓக் மரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரையும். அந்தக் காற்றில் படம் எடுப்பது வீண் உழைப்பு. ஆடியில் அவரை விதை ஊன்றுவார்கள். அப்போது செய்ய வேண்டியதெல்லாம் எந்தக் கொடியைப் பின்தொடரப் போகிறோம் என்று முடிவு செய்வதுதான். எதிர்வீட்டு அத்தையிடம் நான் கேட்டு வாங்கியது அப்படித்தான்.

“ஏன் தம்பி, அதைப் போய் போட்டோ புடிக்கிற? நசுக்கிப் போடு. காயெல்லாம் சூம்பிப் போகுது.”

“இந்த ஓரத்துக் கொடிய மட்டும் எனக்கு விட்டுருங்க அத்தை. மருந்து அடிக்காதீங்க. காய் குறைஞ்சா நான் சந்தையில வாங்கித் தரேன்.”

சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அவர் சொன்னதில் தவறில்லை. சாறு உறிஞ்சினால் காய் சூம்பத்தான் செய்யும். விளைச்சலை நம்பி இருப்பவரிடம் பூச்சியைக் காப்பாற்றச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஒரு கொடியைக் கேட்கலாம், அவ்வளவுதான். வேறொருவர் தோட்டம் என்றால் மருந்து அடித்தது எப்போது என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இலையைத் தொட்ட கையோடு டீக்கடைக்குப் போகிறவர்கள் நாம்.

ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடிக்கும். கீழ்மலைக்கு முக்கிய மழை இதுதான். அவரை பூக்கத் தொடங்கும்போது தண்டில் குன்றிமணி அளவுக்கு, பழுப்பும் பச்சையும் கலந்த உருண்டைப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். மெகாகோப்டா கிரிப்ராரியா. நீளம் 4 முதல் 6 மி.மீ. கிட்ட இருக்கும். பறக்கும் நீள இறக்கையைக் கேடயத்துக்கு அடியில் மடித்துச் செருகி வைத்திருக்கும் இனம். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இது முதன்முதலில் தென்பட்டு, அங்கே சோயாவைத் தாக்கியதால் ஆராய்ச்சியாளர்கள் இதை நிறையப் படித்திருக்கிறார்கள். அப்படித் தெரிய வந்த செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முட்டையைப் பற்றியது.

தாய் இரண்டு வரிசையாக முட்டை வைக்கும். வைக்கும்போதே முட்டைகளுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளையும் விட்டுவைக்கும். மூன்று நான்கு முட்டைக்கு ஒன்று என்ற கணக்கு. அழுக்கு என்று நினைத்து நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அந்த உருண்டைக்குள் இருப்பது தாயின் குடலில் வாழும் பாக்டீரியா. செடிச்சாற்றில் இல்லாத சத்துகளை உடம்புக்குள் செய்து கொடுப்பது அந்த பாக்டீரியாதான். அது இல்லாமல் குஞ்சு சரியாக வளராது. முட்டையை விட்டு வெளியே வந்ததும் குஞ்சு செய்யும் முதல் வேலை, திரும்பி அந்த உருண்டைக்குள் குழலை விட்டு உறிஞ்சுவது. உருண்டையை எடுத்துவிட்டால், குஞ்சுகள் ஓரிடத்தில் அடங்காமல் தேடி அலைகின்றன என்று சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். சீம்பால் கொடுக்காத கன்று தேறாது என்று மாடு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். இங்கே தாய் கிளம்பிப் போன பிறகும் அதன் சீம்பால் இலையில் காத்திருக்கிறது.

பச்சைக் கேடயப் பூச்சியின் முட்டை வேறு மாதிரி. இலையின் அடியில் குட்டிப் பீப்பாய்களை நெருக்கமாக அடுக்கியது போல இருக்கும். முதலில் வெண்மஞ்சள், பொரிக்கும் முன் செம்மை ஏறும். அப்போது மூடிக்குள்ளே இரண்டு சிவப்புக் கண்ணும், அவற்றுக்கு நடுவே நங்கூரம் போல ஒரு கறுப்புக் குறியும் தெரியும். அந்தக் கறுப்புக் குறிதான் மூடியைத் தள்ளித் திறக்கும் கருவி. வெயில் நாளில் ஏறத்தாழ ஐந்து நாளில் பொரித்துவிடும். குளிரில் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். பொரித்த குஞ்சுகள் முதல் சட்டை உரிக்கும் வரை காலி முட்டை ஓடுகளை விட்டு நகராமல் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். படம் எடுக்க அதைவிட எளிதான நேரம் கிடையாது. நகரவே நகராது.

சில நேரம் முட்டைகள் சாம்பல் கறுப்பாக மாறிவிடும். உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் கேடயப் பூச்சி முட்டைக்குள் தங்கள் முட்டையை வைக்கும். காலி ஓட்டைப் பார்த்தே யார் வெளியே வந்தது என்று சொல்லலாம். மூடி வட்டமாகத் திறந்திருந்தால் பூச்சி. ஓரம் பிய்ந்த ஓட்டையாக இருந்தால் குளவி. இந்தப் படத்தையும் எடுத்து வையுங்கள், கழித்துவிட வேண்டாம். கொடியில் பூச்சி ஏன் குறைந்தது என்று பின்னால் யோசிக்கும்போது பதில் அதில்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நிழல் தோட்டத்தில் அட்டை இருக்கும், உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய எதிரி ஈரம். நனைந்த கேமராவை அப்படியே பையில் போட்டு வைத்தால் லென்ஸ் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். வெளியே குளிரில் நின்றுவிட்டு அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் லென்ஸ் முழுக்க நீர்த்திவலை படியும். துடைக்காமல் பையோடு அரை மணி நேரம் விடுங்கள்.

மார்கழிக் காலை

படம் எடுக்க நான் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது மார்கழி, தை மாதங்களுக்கு. மேலே கொடைக்கானலில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி விழும் நாட்கள். கீழ்மலையில் உறைபனி இல்லை, ஆனால் பனி கொட்டும். பூச்சிக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. சூரியன் ஏறி உடம்பு சூடாகும் வரை அதனால் பறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. காலை ஏழு மணிக்குப் போனால், உணர்கொம்பு நுனியில் பனித்துளியோடு சிலை போல உட்கார்ந்திருக்கும். எட்டரைக்கு வெயில் பட்டதும் இலையின் மேற்பக்கம் ஏறி வெயில் காயும். ஒன்பதரைக்கு மேல் நிழல் பட்டாலே இலைக்கு அடியில் சுற்றி மறைந்துவிடும். ஆக நமக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயக்கிப் படம் எடுப்பவர்கள் உண்டு. இப்படி ஒரு காலையை மலை நமக்குச் சும்மா கொடுக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. அது பூச்சிக்குச் செய்யும் தீங்கும்கூட.

என்ன கருவி வேண்டும்? கைப்பேசியும், அதில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸும் போதும். பூச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. நெருங்க வேண்டியிருக்கும், மெதுவாக நெருங்குங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், துளை எஃப் 8 முதல் எஃப் 11, ஃபிளாஷ் என்று தொடங்கலாம். ஃபிளாஷை நேரடியாக அடிக்காதீர்கள். மணிப் பூச்சியின் நிறம் சாயத்தால் மட்டும் வருவதல்ல. மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெளிச்சத்தின் கோணம் மாறினால் பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும். ஃபிளாஷ் நேராக விழுந்தால் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கறுப்பு. அவ்வளவு அழகும் போய்விடும். பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து ஃபிளாஷுக்கு முன்னால் கட்டினாலே வெளிச்சம் பரவி, நிறம் கண்ணில் பார்த்தது போலக் கிடைக்கும். மேகம் மூடிய நாளில் ஃபிளாஷே வேண்டாம்.

ஒரு பூச்சிக்கு நான்கு படம் எடுங்கள். முதுகு, பக்கவாட்டுத் தலை, வயிற்றுப் பக்கம், அது இருக்கும் செடி. முதுகை எல்லாரும் எடுப்பார்கள். இனம் பிரிப்பதற்கு உதவுவது மற்ற மூன்றும்தான். அடிப்பக்கத்துக்கு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை இலைக்குக் கீழே நீட்டினால் குழலும் காலும் அதில் தெரியும். அது சரிவரவில்லை என்றால், அடி தெளிவாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு நிமிடம் ஏற்றி, கீழிருந்து எடுத்துவிட்டு, ஏறிய அதே இலையில் இறக்கிவிடுங்கள். செடிப் படத்தில் இலை, பூ, காய் மூன்றும் வரட்டும். பல கேடயப் பூச்சிகளுக்குப் பிடித்த செடி என்று சில உண்டு. செடியின் பெயர் தெரிந்தாலே தேட வேண்டிய இனங்கள் பாதியாகக் குறையும்.

கொடியை ஆட்டாமல் இருக்கப் பழகுங்கள். காற்று ஆட்டினால் படம் மங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உண்டு. பச்சைக் கேடயப் பூச்சிகள் செடி வழியாகப் பேசிக்கொள்கின்றன. வயிற்றை அதிரவைத்து, 100 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வைத் தண்டில் அனுப்பும். அந்த அதிர்வு இலை, காம்பு, தண்டு என்று பரவி இன்னொரு கிளையில் நிற்கும் இணையின் காலுக்குப் போய்ச் சேரும். நம் காதுக்கு எட்டாது. இணை சேர்ந்தபின் இரண்டும் வால் பக்கம் ஒட்டி, எதிரெதிர்த் திசை பார்த்தபடி மணிக்கணக்காக இருக்கும். ஓர் இலையைத் திருப்ப வேண்டியிருந்தால் கையால் இழுக்காமல், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் காம்பில் மெதுவாகப் பிடித்து, பக்கத்துக் குச்சியோடு சேர்த்துவிடுங்கள்.

அவரை காய்ந்த பிறகு

மாசியில் கொடி காய்ந்துவிடும். பூச்சி எங்கே போனது என்ற கேள்வி அப்போதுதான் வரும். அநேகமாக வளர்ந்தவை மட்டும் மிஞ்சி, சருகுக் குவியல், மரப்பட்டை இடுக்கு, சுவர் வெடிப்பு என்று புகுந்து உட்கார்ந்துவிடும். குளிர் நாடுகளில் பச்சைக் கேடயப் பூச்சி இந்த ஓய்வுக் காலத்தில் பழுப்பாகவே மாறிவிடுகிறது. சருகைக் கிளறாதீர்கள். பதிலாக மரத்தைப் பாருங்கள். முள்முருங்கை இலை உதிர்த்துப் பூக்கும் காலம் அது. தண்டிலும் பட்டையிலும், மஞ்சள் புள்ளி தெளித்த கரும்பழுப்பு எர்தெசினா ஃபுல்லோ தட்டையாக ஒட்டியிருக்கும். பட்டையோடு பட்டையாக இருப்பதால் கண்ணுக்குப் பிடிபட நாளாகும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

சித்திரையில் காபியைப் பூக்கவைக்கும் கோடைமழை விழுந்ததும் எல்லாம் துளிர்க்கும். ஓடையோரத்து வட்டக்கண்ணி மரத்தை இந்தக் காலத்திலிருந்து மழை முடியும் வரை பாருங்கள். அகன்ற வட்ட இலையின் அடியில் கன்டாவோ ஒசெல்லாட்டஸ் என்ற மணிப் பூச்சி கிடைக்கலாம். ஆரஞ்சு உடம்பு, வெளிறிய வளையத்துக்குள் கறுப்புப் புள்ளி. முட்டை வைத்த தாய் அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்துவிடும். முட்டை பொரித்து, குஞ்சுகள் ஓரளவு தேறும் வரை நகராது. விரலை அருகில் கொண்டுபோனால் ஓடாமல் உடம்பைச் சாய்த்து உங்கள் பக்கம் கேடயத்தைத் திருப்பும். ஒரு படத்துக்காக அதை விரட்டிவிட்டால் எறும்பு வந்துவிடும். தூரத்திலிருந்து இரண்டு படம் எடுத்துவிட்டு விலகிவிடுங்கள். நான் இந்தக் காட்சியை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கேமராவை இறக்கிவிட்டு வெறுமனே நின்றேன்.

அடிவாரத்தில் முந்திரித் தோப்பு இருந்தால் இன்னொன்றைத் தேடலாம்: கேட்டகாந்தஸ் இன்கார்னாட்டஸ். சிவப்பு அல்லது மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளி. தலைகீழாகப் பார்த்தால் கண், மீசை, வாரிய தலைமுடியோடு ஒரு மனித முகம். பிள்ளைகளைப் பூச்சிப் பக்கம் இழுக்க இதைவிட நல்ல ஆள் இல்லை. மேல்மலைக்கு, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போனால் எனக்குக் கிடைக்கும் எண்ணிக்கை குறைகிறது, குளிர் அதிகம். சோலைக்காட்டுக்குள் நுழைய ஆசை வரும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வேலியும் கொல்லையும் சாலையோரப் புதரும் ஒரு தொடக்கக்காரருக்குப் பல வருடத்துக்குத் தாங்கும்.

கடைசியாக, நோட்டு. கைப்பேசி தேதியைத் தானே பதிந்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். செடி எது, இலையின் மேலா அடியா, எத்தனை பூச்சி, எந்தச் சட்டை, அன்று வெயிலா மழையா. ஐந்து விவரம், ஒரு வரி. எதுவும் இல்லாத வாரத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். பூச்சி எப்போது வருகிறது என்பதை அந்த ‘இல்லை’கள்தான் காட்டிக்கொடுக்கும்.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போகும்போது அத்தை வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். “தம்பி, இங்க வா. உன் பூச்சி முட்டை வச்சிருக்கு.” அவர் தன் கொடியில், எனக்கு விடாத கொடியில், ஓர் இலையைக் கிள்ளாமல் விரல் நுனியில் திருப்பிப் பிடித்திருந்தார். இரண்டு வரிசை. அடியில் பழுப்பு உருண்டைகள். பால் பாத்திரத்தை வேலிக்கல்லில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். அவரை, இலை அடி, இரண்டு வரிசை, இருபத்திரண்டு முட்டை, இன்னும் பொரிக்கவில்லை, மூடுபனி.